பைனாகுலருக்கு ஆயுள் உத்தரவாதம்: எந்த ஊரில் செல்லும்?

வாசகர் கேள்வி – பதில்

(பைனாகுலரின் உழைப்பு, உத்தரவாதம், பழுதுபார்ப்பு குறித்து டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. அனுப்பியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மருமகன், அங்கே வேட்டைக்காரர்களுக்கென்று விற்கப்படும் 10×42 (10 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் அகல முகப்பு லென்ஸ்) பைனாகுலர் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். மழைக்கும் அடிக்கும் அசையாது, ஆயுள் உத்தரவாதம் உண்டு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கச் செல்லும்போது பயன்படுத்தினேன். இரண்டே மழைக்காலத்தில் உள்ளே வெள்ளை இழைகளாக ஏதோ படர்ந்துவிட்டது. குவியச் சக்கரமும் இறுகிவிட்டது. நிறுவனத்துக்கு எழுதினால், வாங்கிய நாட்டில் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த உத்தரவாதத்தால் எனக்குப் பயன் உண்டா? – ஒரு வாசகர், வேதாரண்யம்.

பதில்: உங்கள் பைனாகுலருக்குள் படர்ந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சையாகவே இருக்கும். கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தைப் பெரிய லென்ஸின் மேல் சாய்வாக விழச்செய்து பாருங்கள். கிளைவிட்டுப் பிரியும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. இழையே இல்லாமல் ஒரே சீராகப் புகைபடிந்ததுபோல் இருந்தால், உள்ளிருக்கும் கிரீஸ் வெப்பத்தில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கலாம். இரண்டாவதைப் பழுதுபார்ப்பவர் எளிதில் துடைத்துவிடலாம். பூஞ்சையோ தான் சுரக்கும் அமிலத்தால் லென்ஸின் பூச்சையே அரிக்கும் என்பதால், நாள் கடந்துவிட்டால் பூஞ்சையைத் துடைத்தெடுத்த பின்னும் அதன் தடம் கண்ணாடியில் நின்றுவிடும். ஆகவே உத்தரவாதம் செல்லுமா என்ற வழக்கு முடியட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்துக் காத்திருக்காதீர்கள்.

வேட்டைக்கான பைனாகுலர்கள் உறுதியானவை என்பது பொய்யல்ல. ஆனால் அந்த உறுதி வேறொரு மண்ணுக்காகக் கணக்கிடப்பட்டது. மலைச்சரிவில் பாறைமேல் விழுவது, பனியில் நனைவது, கடுங்குளிரிலிருந்து வண்டியின் வெதுவெதுப்புக்குள் வந்ததும் உள்ளே ஆவி படர்வது ஆகியவைதாம் அந்த ஊர் வேட்டைக்காரரின் கவலைகள். அதற்காகவே உடலுக்கு ரப்பர் கவசம் இடுகிறார்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்து அடைக்கிறார்கள். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்புகிறார்கள். வேதாரண்யத்தில் பைனாகுலரைக் கெடுப்பவை விழுதலும் குளிரும் அல்ல. உப்பளங்களின் மேல் வீசிவரும் காற்றும், ஐப்பசி தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் உலராத வீட்டுச் சுவரும்தாம். உப்பு, மூட்டுகளிலும் சக்கரத்தின் இடுக்கிலும் நுண்படிகமாகத் தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கிரீஸைக் கெடுக்கிறது. சக்கரம் இறுகியதற்கு அது காரணமாக இருக்கக்கூடும்.

இனி உத்தரவாதம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டத்தின்படி, எழுத்தில் தரப்படும் உத்தரவாதம் முழுமையானதா, வரம்புக்குட்பட்டதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டாக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் வரம்புக்குட்பட்டதையே தருகின்றன. அதில் பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைகள் மட்டுமே அடங்கும். வோர்டெக்ஸ், லியூப்போல்ட் போன்ற சில நிறுவனங்கள், ரசீது கேட்காமலும் முதல் உரிமையாளரா இரண்டாம் உரிமையாளரா என்று பாராமலும் பழுதுபார்த்துக் கொடுக்கும் உத்தரவாதத்தைத் தருகின்றன. அங்கே வேட்டைக்காரர்களிடம் அவற்றுக்குச் செல்வாக்கு வளர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அவற்றிலும் தொலைந்தது, திருடுபோனது, வேண்டுமென்றே உடைத்தது ஆகியவை அடங்கா. உங்களிடம் உள்ளது எந்த வகை என்பதைப் பெட்டியின் முகப்பை வைத்து முடிவுசெய்யாமல், உள்ளேயிருக்கும் அட்டையில் 'அடங்காதவை' என்ற பகுதியைப் படியுங்கள். பூஞ்சை அந்தப் பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அதைப் பராமரிப்புக் குறை என்றே பல நிறுவனங்கள் கருதுகின்றன.

இங்கே நீங்கள் கடிதம் எழுதும் முறை முக்கியமாகிறது. உலர்வளி நிரப்பி முழுமையாக அடைக்கப்பட்டது என்று விளம்பரம் செய்யப்பட்ட கருவிக்குள், அதுவும் உட்புறக் கண்ணாடியில், பூஞ்சை வளர வேண்டுமானால் ஈரக்காற்று உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அப்படியானால் அடைப்பு எங்கோ தோற்றிருக்கிறது. எனவே 'பூஞ்சை பிடித்துவிட்டது' என்று எழுதாமல், 'அடைப்பு கசிந்து உட்புறத்தில் ஈரம் புகுந்திருக்கிறது; அதன் விளைவாகப் பூஞ்சை தோன்றியிருக்கிறது' என்று, வரிசை எண்ணும் படமும் இணைத்து எழுதுங்கள். சொல்லின் சாமர்த்தியத்துக்காக இதைச் சொல்லவில்லை. குறை எங்கே தொடங்கியது என்பதைச் சரியாகச் சொல்வதே உங்கள் உரிமைக்கு அடிப்படை.

இந்தியாவிலிருந்து கூரியரில் அனுப்புவதானால், பழுதுபார்த்துத் திரும்பி வரவேண்டிய பொருள் என்று அனுப்பும்போதே ஏற்றுமதித் தாள்களில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வருகையில் சுங்கத்தில் புதிய பொருளாக மதிப்பிட்டு வரி கேட்க இடமுண்டு. பழையதைப் பழுதுபார்க்காமல் புதியது ஒன்றை மாற்றிக் கொடுத்தால் சிக்கல் இன்னும் கூடும். இருவழிச் செலவையும் சேர்த்தால், நடுத்தர விலைப் பைனாகுலருக்கு இது கட்டுப்படியாகாது. மருமகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர் கையிலேயே கொடுத்தனுப்பி, அவருடைய அமெரிக்க முகவரியிலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்வதே நேரான வழி. அதுவரை காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். பூஞ்சை அழியாது என்றாலும், மேலும் பரவுவது குறையும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களை வடுவூர் ஏரிக்கு அழைத்துச் செல்கிறோம். பொதுவில் சில பைனாகுலர்கள் வாங்க எண்ணுகிறோம். வேட்டை மாதிரி என்று இலைதழை வண்ணத்தில் வருபவை பிள்ளைகள் கையில் நிலைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா? – ஓர் ஆசிரியை, மன்னார்குடி.

பதில்: இலைதழை வண்ணம் வெறும் மேற்பூச்சு, உறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடுவூரின் நாரைகளும் நீர்க்காகங்களும் உங்கள் உடையையும் பேச்சரவத்தையும் கவனிக்குமே தவிர, பைனாகுலரின் நிறத்தை அல்ல.

பிள்ளைகளுக்கு 10×42 வேண்டாம், 8×42 வாங்குங்கள். உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் அதே அளவு பெருகித் தெரியும். தவிர, 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர்; 10ஆல் வகுத்தால் 4.2 மில்லிமீட்டர். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது. மேகம் மூடிய மார்கழிக் காலையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். கண்ணைச் சரியான இடத்தில் வைக்கத் தடுமாறும் சிறுவர்களுக்கும் அகலமான கற்றையே எளிது.

உழைப்பைப் பொறுத்தவரை, வடிவத்தைப் பாருங்கள். தோள் விரிந்த பழைய போரோ வடிவம் விலை மலிவு, காட்சியும் நன்று. ஆனால் அதன் பெரும்பாலான மாதிரிகளில் சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் கண்பக்கக் குழல்கள் வெளியே வந்து உள்ளே போகும். துருத்தியைப்போல் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உறிஞ்சும். நேர்குழல் வடிவமான ரூஃப் வகையில் குவியம் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் அடைப்பு நிலைக்கிறது. நம் பகுதிக்கு, பணம் சற்றுக் கூடினாலும், ரூஃப் வகைதான் என் தேர்வு. பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும். எண் எதுவும் இல்லாமல் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி மழையில் நிற்க வேண்டாம்.

கடையில் பெட்டியைத் திருப்பி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாளர், பொருள் தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். ஒட்டு இல்லாத பொருளுக்கு எவ்வளவு பெரிய உத்தரவாதம் அச்சிட்டிருந்தாலும், இங்கே அதை நிறைவேற்ற ஆள் இல்லை என்றே கொள்ளலாம். பள்ளிக்கூடப் பணத்தில், தொலைதூர நாட்டின் ஆயுள் உத்தரவாதத்தைவிடச் சென்னையில் சேவை மையம் உள்ள நிறுவனத்தின் ஓரிரு ஆண்டு உத்தரவாதமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: வயல்பக்கம் கௌதாரி, மடையான் அடிக்கப் போகும்போது தூரத்தில் பார்க்க எந்தப் பைனாகுலர் நல்லது? – ஒரு வாசகர், கும்பகோணம் வட்டம்.

பதில்: அந்தப் பயன்பாட்டுக்கு இந்தப் பகுதியில் பரிந்துரை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும், முட்டையையோ கூட்டையோ சிதைப்பதும் வேட்டை என்றே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. சரணாலய எல்லைக்குள் வேட்டையாடினால் தண்டனை 3 ஆண்டுகளுக்குக் குறையாது. 7 ஆண்டுகள் வரை போகலாம். வெளிநாடுகளில் உரிமம் பெற்றவர்கள் பருவம் பார்த்து வேட்டையாடுகிறார்கள். அவர்களுக்காகச் செய்த கருவி நம்மிடம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பைனாகுலர் மூன்றாம் மாதமே உருவத்தை இரண்டாகக் காட்டுகிறது. நான் கீழே போட்டதாகச் சொல்லி விற்பனையாளர் மறுக்கிறார். கீழே போடவில்லை. உள்ளூர் கேமரா கடையில் பிரித்துச் சரிசெய்யலாமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்.

பதில்: பிரிக்காதீர்கள். திருகைத் தொட்டவுடன் உத்தரவாதம் போய்விடும். உள்ளிருக்கும் உலர்வளியும் போய்விடும், அதைத் திரும்ப நிரப்பும் வசதி சாதாரணக் கேமரா கடைகளில் இருப்பதில்லை.

முதலில் குறையை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய கோயில் விமானத்தின் கலசத்தைப்போல் தொலைவில் அசையாத ஒன்றைக் குவியப்படுத்தி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தூரம் விலக்கிப் பாருங்கள். இரு வட்டங்களிலும் கலசம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் மேலும் மற்றொன்றில் கீழுமாக நின்றால் இரு குழல்களின் அச்சு விலகிவிட்டது. உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) நகர்ந்திருக்கிறது என்று பொருள். மேல்கீழ் விலகலைக் கண்ணால் சமாளிக்க முடியாது. சிறிது நேரத்திலேயே தலைவலி வரும். விழுந்த கருவியில் ரப்பர் கவசத்திலோ லென்ஸ் விளிம்பிலோ பெரும்பாலும் தடம் இருக்கும். தடம் எதுவும் இல்லாத உங்கள் கருவியை எல்லாப் பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விழாத கருவியில் மூன்றே மாதத்தில் பட்டகம் நகர்ந்தால் அது உற்பத்திக் குறை என்பது என் கருத்து.

பின்னர் எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பல விற்பனையாளர்கள் இந்த நிலையிலேயே இறங்கிவருவதுண்டு. வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ரசீதின் எழுத்து மங்கும் வகைத் தாளாக இருந்தால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஈரம் போக அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கலாம் என்கிறார்களே? – ஒரு வாசகி, திருவாரூர்.

பதில்: வேண்டாம். அரிசியின் மாவுத்தூள் சக்கரத்தின் இடுக்கிலும் கண்வளையத்தின் மடிப்பிலும் புகுந்து, அடுத்த மழையில் பூஞ்சைக்கு உணவாகும். தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், வீட்டில் இருக்கும்போது கருவியை அதிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் அவற்றை மட்டும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடலாம்.

கடற்கரைக்குப் போய்வந்த நாளில் புடவைத் தலைப்பாலோ துண்டாலோ லென்ஸைத் துடைக்காதீர்கள், உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். ஐபிஎக்ஸ்7 கருவியானால் நல்ல தண்ணீரை மெல்ல ஓடவிட்டு உப்பைக் கழுவி, பிறகு லென்ஸ் துணியால் ஒற்றியெடுங்கள். மற்றவற்றுக்கு ஊதுபந்தால் ஊதிவிட்டு, உடலை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையோடு பைனாகுலரை எடுக்க வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும், அதை எந்த உத்தரவாதத்திலும் ஏற்கமாட்டார்கள்.