டைனோசுக்கஸ் முதலையா, அலிகேட்டரா?

இரண்டும் இல்லை என்பதே இப்போது நான் நம்பும் பதில். 2025-க்கு முன் கேட்டிருந்தால் தயங்காமல், முதலைக்கு நெருங்கிய உறவான அலிகேட்டர் பக்கம் கை காட்டியிருப்பேன்.

டைனோசுக்கஸ் என்ற முதலை போன்ற ராட்சத ஊர்வன ஏறத்தாழ 8.2 கோடி முதல் 7.3 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், வட அமெரிக்காவில் இருந்தது. பெரியவை பத்து மீட்டரைத் தாண்டும். 1909-ல் மொன்டானாவில் கிடைத்த எலும்புகளுக்கு ஹாலண்ட் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை வைத்தார். 'பயங்கர முதலை' என்று பொருள்.

பல காலம் இதை முதலை என்றே நினைத்தார்கள். நியூயார்க் அருங்காட்சியகத்தில், டெக்சஸில் கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு பெரிய தலையைச் செய்து வைத்தார்கள். இல்லாத பகுதிகளுக்குக் கியூபா முதலையை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நான் பள்ளி நாளில் படத்தில் பார்த்து அசந்துபோனது அந்தத் தலையைத்தான். பிறகு கிடைத்த மண்டையோடுகள் வேறு உருவத்தைக் காட்டின. மூக்கும் வாயும் சேர்ந்த முகவாய் நீண்டு அகன்றிருக்கிறது, நுனி உப்பியிருக்கிறது. முன்பற்கள் குத்திப் பிடிக்க, பின்பற்கள் கட்டையாக, நொறுக்குவதற்கு. ஆமை ஓடுகளிலும் டைனோசர் எலும்புகளிலும் இதன் கடித் தடங்கள் உள்ளன. டைனோசுக்கஸின் முதுகு ஓடுகளோ தடித்துப் புடைத்து, குழிகுழியாக இருக்கும். அவற்றை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல் வளர்ச்சி வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணித்தான், இது வேகமாக வளர்ந்து பெரிதாகவில்லை, பல பத்தாண்டுகள் விடாமல் வளர்ந்தே இந்த அளவை எட்டியது என்று 1999-ல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

அதே காலத்தில் ப்ரோஷு என்ற ஆய்வாளர் செய்த எலும்பு ஒப்பீடுதான் இதை அலிகேட்டர் வம்சத்தின் அடிக்கிளையில் வைத்தது. பாடப்புத்தகங்களிலும் அதுவே நின்றது.

சரி, சிக்கல் எங்கே? கடலில். அன்று வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து ஓர் உள்நாட்டுக் கடல் ஓடியது. டைனோசுக்கஸ் மேற்கே மொன்டானா, டெக்சஸிலும் கிடைக்கிறது, கிழக்கே அலபாமா, ஜார்ஜியாவிலும் கிடைக்கிறது. நிறைய எலும்புகள் கடலோரப் படிவுகளில் இருந்து வந்தவை. அலிகேட்டருக்கு உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பி இல்லை. உப்பு நீரில் நெடுநாள் தங்காது. முதலைகளுக்கு நாக்கிலேயே அந்தச் சுரப்பி இருக்கிறது. உப்புநீர் முதலை கடலில் நீந்திப் போவது அதனால்தான். நன்னீர் வம்சத்தைச் சேர்ந்த ஒன்று எப்படி அந்தக் கடலின் இரு கரையிலும் வாழ்ந்தது?

2025-ல் வந்த ஆய்வு, கூடுதல் புதைபடிவ இனங்களைச் சேர்த்து வம்ச மரத்தைத் திரும்ப வரைந்தது. அதில் டைனோசுக்கஸ் என்பது முதலையும் அலிகேட்டரும் பிரிவதற்கு முன்பே கிளைத்த ஒரு தனிக் கிளை. உப்பைத் தாங்கும் திறன் அந்தப் பழைய மூதாதையருக்கே இருந்தது, அலிகேட்டர் வம்சம்தான் பின்னால் அதை இழந்தது என்பது அவர்கள் வாதம். எலும்பும் புவியியலும் ஒன்றாகப் பொருந்துவதால் நான் இதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரே ஆய்வோடு விவாதம் முடிந்துவிடாது.

அப்புறம், முகவாயின் நுனியில் நாசித் துளைக்கு முன்னால் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. இன்று உயிரோடு இருக்கும் எந்த முதலைக்கும் அலிகேட்டருக்கும் அப்படி இல்லை. அவை எதற்கு என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை.