பல நம்பிக்கைகள் வாழும் சமூகத்தில் கடமை அறம்: கேள்வி பதில்

அறவியல் கற்பித்தவன் நான்; சில ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் அறநெறிக் குழுவிலும் இருந்தேன். கடமைசார் அறவியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: கடமைசார் அறவியல் என்றால் என்ன, ஐயா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு செயலை அதன் விளைவை வைத்து எடைபோடாமல், அந்தச் செயலே செய்யத் தக்கதா என்று கேட்பது. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785இல் இதற்கு இரண்டு உரைகல் கொடுத்தார். நீங்கள் பின்பற்றும் விதியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று உங்களால் விரும்ப முடியுமா? எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாமல் இருக்கிறீர்களா?

கேள்வி: மதமும் வாழ்க்கை முறையும் ஆளுக்கு ஆள் மாறும் சமூகத்தில் இதனால் என்ன நன்மை?

நல்ல வாழ்க்கை எது என்பதில் நாம் ஒன்றுபடப் போவதில்லை. ஆனால் யாருக்கும் செய்யக் கூடாதவை எவை என்பதில் ஒன்றுபட வழியிருக்கிறது. கடமை அறத்தின் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். மொத்த நன்மையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் அறத்தில், கழிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையினர்.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். கடத்தப்பட்ட விமானம் ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் நிலை வந்தால், பயணிகளோடு சேர்த்து அதைச் சுட்டு வீழ்த்த ஆணையிடலாம் என்று ஒரு சட்டம் இயற்றினார்கள். 2006இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அதிகாரத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தரையில் உள்ளவர்களைக் காப்பதற்காக, குற்றமற்ற பயணிகளை வெறும் பொருளாக நடத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்றது. விமானத்தில் இருப்பவர்கள் யார், என்ன நம்புகிறவர்கள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கேள்வி: அப்படியானால் எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாதா?

காண்ட் அப்படித்தான் சொன்னார். கொலைகாரன் கதவைத் தட்டி, உங்கள் நண்பர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மை பேசும் கடமையும் உயிரைக் காக்கும் கடமையும் மோதும்போது எது முந்தியது என்று சொல்ல அவரிடம் போதுமான வழி இல்லை. பிரிட்டிஷ் தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ் 1930இல் இதைச் சரிசெய்ய முயன்றார்: கடமைகள் பல, ஒன்றோடொன்று மோதும்போது சூழலைப் பார்த்து எது கனமானது என்று தீர்மானிக்க வேண்டும் என்றார். ஆனால் அந்த எடையை எல்லோரும் ஒரே மாதிரி போடுவதில்லையே. பன்முகச் சமூகத்தில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குழுவில் இருந்தபோது பார்த்தது ஒன்று. முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய். அவருடைய மகள் பரிசோதனை அறிக்கைகள் இருந்த உறையை மார்போடு அணைத்தபடி அறைக்கு வெளியே நின்று, “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்றார். நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்பது மருத்துவரின் கடமை. தந்தையை நோகாமல் காப்பது மகளின் கடமை. இருவருமே மனச்சாட்சியோடு பேசினார்கள்; இருவரும் அசையவில்லை.

கடைசியில் மருத்துவர் பெரியவரிடமே போய், “உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எல்லாவற்றையும் மகளிடம் சொல்லுங்கள். நான் முடிவு செய்தே ஆக வேண்டியது வந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்” என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் மருத்துவருக்குச் சொல்லித்தரவில்லை. எதிரில் இருப்பவரைக் கவனித்ததால் அது அவருக்குத் தோன்றியது.

கேள்வி: கடமை, கடமை என்றுதானே கொடுமைகளும் நடந்தன?

ஆம். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன், 1961இல் ஜெருசலேமில் நடந்த விசாரணையில், தான் காண்டின் அறநெறிப்படியே வாழ்ந்ததாகச் சொன்னான். அது திரிபு. காண்டின் கடமை ஒவ்வொருவரும் தம் பகுத்தறிவால் தமக்கே விதித்துக்கொள்வது. மேலிடத்து ஆணை கடமையாகிவிடாது. ஆனால் ஆட்சியாளரை எதிர்த்துக் கிளர்ந்தெழும் உரிமையைக் காண்டே மறுத்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: என் மதம் விதித்த கடமைக்காக நான் ஒரு வேலையைச் செய்ய மறுத்தால், சமூகம் மதிக்க வேண்டுமா?

மறுப்பின் விலையை யார் கொடுக்கிறார் என்று நான் முதலில் பார்ப்பேன். 1916இல் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தபோது, மனச்சாட்சியின்படி மறுப்பவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே இடமளித்தது. மறுத்தவர்களில் பலர் ஆம்புலன்ஸ் பணி செய்தார்கள். பலர் சிறை சென்றார்கள். விலையைத் தாமே சுமந்தார்கள். அவசர சிகிச்சைக்கு வந்தவரை ஒரு மருத்துவர் தம் நம்பிக்கைக்காகத் திருப்பி அனுப்பினால், விலையைச் சுமப்பவர் நோயாளி. வேறொருவர் உடனே பார்க்க ஏற்பாடு இருந்தால் மறுப்பை மதிக்கலாம். இல்லையென்றால் மதிக்க முடியாது.

கேள்வி: இதெல்லாம் ஐரோப்பியச் சிந்தனைதானே? எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்?

நியாயமான சந்தேகம். ஆனால் 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது, 48 நாடுகள் ஆதரித்தன, 8 ஒதுங்கி நின்றன, ஒன்றும் எதிர்க்கவில்லை. அதை வரைந்தவர்களில் லெபனானின் சார்லஸ் மாலிக்கும் சீனாவின் பி. சி. சாங்கும் இருந்தார்கள். மாண்பு எங்கிருந்து வருகிறது, கடவுளிடமிருந்தா இயற்கையிலிருந்தா என்பதை முதல் பிரிவு சொல்லாமலே விட்டது. அந்த மௌனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆளுக்கொரு காரணத்தோடு ஒரே கடமைக்கு வந்து சேர அது இடம் கொடுத்தது.

எனக்குள்ள குறை வேறு. 30 பிரிவுகளில் தனிமனிதரின் கடமையை வெளிப்படையாகச் சொல்வது 29ஆவது மட்டும். 25ஆவது பிரிவு உணவுக்கும் மருத்துவத்துக்கும் உரிமை தருகிறது. பசித்திருக்கும் குழந்தைக்கு அந்த உணவைக் கொண்டு சேர்க்க வேண்டியவர் யார் என்று ஆள் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. பொய் சொல்லாதே, கொல்லாதே என்பவை எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டும். உதவு என்பது யாரை, எவ்வளவு கட்டும் என்பதில் காண்ட் முதல் இன்றுவரை தெளிவில்லை.