மைலேஜ் தெரிஞ்சா கிராம் தெரிஞ்சிரும்

கேள்வி: கீழக்கரையில இருந்து எழுதுறேன். புதுசா பெட்ரோல் கார் எடுக்கப் போறோம். ஜெர்மனில இருக்க மருமகன் "கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடுன்னு கேளுங்க மாமா"ன்னான். ஷோரூம்ல கேட்டா "பிஎஸ்6 வண்டி சார், பொல்யூஷனே கிடையாது"ங்கறாங்க. எதை நம்புறது?

பதில்: மருமகன் கேட்டது ஒண்ணு, ஷோரூம்ல சொன்னது வேற ஒண்ணுங்க. பிஎஸ்6ங்கற அரசாங்கப் புகை விதி பாக்குறது நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தூசி இந்த மாதிரி விஷயங்களைத்தான், கார்பன் டை ஆக்சைடுக்கு அதுல லிமிட்டே கிடையாது. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடா மாத்தித்தான் வெளிய விடுது, அப்புறம் எங்க குறையும்.

ஐரோப்பாவுல ஷோரூம்ல நிக்கிற புது வண்டில இந்த கிராம் கணக்கை ஒட்டியே ஆகணும், அதான் மருமகனுக்கு அந்தப் பழக்கம். நமக்கு மைலேஜ் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எடை முக்கால் கிலோதான், ஆனா எரியும்போது காத்துல உள்ள ஆக்சிஜனையும் சேத்துக்கிட்டு சுமார் 2,300 கிராம் கார்பன் டை ஆக்சைடா வெளிய வரும். அதை மைலேஜால வகுத்தா முடிஞ்சது. கம்பெனி சொல்ற 20 கிலோமீட்டர்னா 115 கிராம், நெசத்துல 16தான் குடுக்குதுன்னா 144 கிராம்.

"இந்தக் கம்பெனி அரசாங்க லிமிட்டுக்குள்ள இருக்கு"ன்னு சொன்னாலும் மயங்காதீங்க. கம்பெனிங்களோட வண்டி எவ்வளவு எரிபொருள் குடிக்கலாம்னு லிமிட் வைக்கிற நம்ம ஊர் கேஃபே (CAFE) விதி 2017-18ல 130 கிராம், 2022-23ல இருந்து 113 கிராம், ஆனா அது கம்பெனி வித்த மொத்த வண்டிக்கும் சேத்து சராசரி, வண்டிங்க எடை கூடுனா லிமிட்டும் கொஞ்சம் கூடும், எலெக்ட்ரிக் வண்டி ஒண்ணு வித்தா மூணா எண்ணிக்கலாம். சின்ன வண்டி நிறைய வித்தவன் பெரிய எஸ்யூவியையும் சேத்து பாஸ் பண்ணிருவான். ஐரோப்பாவுல லிமிட்ட தாண்டுற ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் 95 யூரோ ஃபைன்ங்கறதால, 2019ல ஃபியட் கிரைஸ்லர் காசு குடுத்து, எலெக்ட்ரிக் வண்டி மட்டுமே விக்கிற டெஸ்லாவோட கணக்கை சேத்துக்கிச்சு! அதனால ஃபியட் வண்டி ஒண்ணு கூட கம்மியா குடிக்கல.

டெஸ்ட் நம்பரும் ரோட்டுக்கு வந்தா மாறும். ஐரோப்பிய கமிஷன் 2024ல சொன்ன கணக்குப்படி பெட்ரோல், டீசல் வண்டிங்க நெசத்துல சுமார் 20 சதவீதம் கூட விடுது, சார்ஜ் போட்டும் பெட்ரோல்லயும் ஓடுற பிளக்-இன் ஹைப்ரிட் மூணரை மடங்கு. நம்ம ஈசிஆர்ல ஏசிய நிறுத்தவே முடியாது, எதிர்காத்து அடிச்சா கேக்கவே வேணாம்.

அதனால அதே மாடல் வச்சிருக்க யாரையாச்சும் உங்க ஊர்லயே புடிங்க. டேங்க்கை ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் நிரப்பி, டிரிப் மீட்டரை சைபர் பண்ணிட்டு, ராமநாதபுரம் போய் வந்துன்னு எப்பவும் போல ஓட்டட்டும், திரும்ப அதே பங்க்ல அதே மாதிரி நிரப்பச் சொல்லுங்க. 432 கிலோமீட்டருக்கு 27 லிட்டர் புடிச்சா 16, அதாவது 144 கிராம். மருமகனுக்கு அந்த நம்பரை அனுப்புங்க.