பயந்த கோளாறு என்று சொல்வதற்கு முன்

அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் பேய்: பேய்ப் படம் பார்த்ததிலிருந்து ராத்திரியில் அலறும் உங்கள் பையன், சின்ன வயதில் பார்த்த படத்துக்கு இன்னும் பயப்படும் நீங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் இடுக்கி எழுதியிருந்தீர்கள்: "பத்து நாளாக ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்கிறான், படுக்கையிலேயே சிறுநீரும் போய்விடுகிறான், எட்டு வயதில் இப்படியா, எல்லாம் அந்தப் படம் பார்த்த பயம்தான்." அந்த ஓரத்து வரிக்காகத்தான் பதில் எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டு அன்றே உங்களைத் தொலைபேசியில் பிடித்தேன். பையனை அழைத்துப்போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்கள். 94. சரி.

உங்களுக்குச் சரி. இதைப் படிக்கும் இன்னொரு வீட்டில் அப்படி இல்லாமல் போகலாம் என்பதால் பேய் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

பல வருடமாகப் படுக்கையை நனைக்காத குழந்தை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, கூடவே தாகமும் இருந்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். பரீட்சை முடியட்டும், அமாவாசை கழியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். இன்சுலின் சுரப்பது நின்றுபோவதால் ரத்தத்தில் தேங்கும் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம், அதனால்தான் ராத்திரியில் அடக்க முடியாமல் போவது. நன்றாகச் சாப்பிட்டும் இடுப்பில் டவுசர் நிற்காது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துவிட்டு, "என்னவோ எறும்புத் தொல்லை" என்று பவுடர் தூவிய வீடுகளும் உண்டு. சில அம்மாக்கள் ராத்திரியில் தண்ணீர் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். அது குழந்தையை இன்னும் வற்ற வைக்கும்.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று நினைவுக்கு வருகிறது. சுடுகாட்டுப் பக்கம் போய் வந்ததிலிருந்து பயந்த கோளாறு என்று மூன்று வாரம் மந்திரித்திருக்கிறார்கள். வயிற்றுவலி, வாந்தி, புஸ் புஸ்ஸென்று ஆழமான மூச்சு, அரை மயக்கம் என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் தூக்கி வந்தார்கள். சர்க்கரை ஐநூறைத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இந்த அறிகுறிகளோடு எந்நேரம் பார்த்தாலும் அளவு 200-க்கு மேல் இருந்தால், அது சர்க்கரை நோய்தான். உடனே ஆஸ்பத்திரி, இன்சுலின். கஷாயமோ மாத்திரையோ இதற்கு வேலை செய்யாது.

உங்கள் பையன் கதைக்கு வருகிறேன். சர்க்கரை சரி என்றால் தாகம் எங்கிருந்து வந்தது? தொலைபேசியில் கேட்டபோதுதான் மெல்லச் சொன்னீர்கள்: அலறாமல் தூங்கட்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி சிரப்பை ராத்திரிக்கு ஒரு மூடி கொடுத்து வருகிறீர்கள். எத்தனை நாளாக? பத்து நாளாக. தாகம் எத்தனை நாளாக? அதே பத்து நாளாக. அந்த மாதிரிச் சிரப்புகளில் இருக்கும் அலர்ஜி மருந்து தூக்கத்தைக் கொடுக்கும், வாயை உலர்த்தும். வாய் உலர்ந்தவன் தண்ணீர் குடிப்பான். குடித்துவிட்டு மருந்து மயக்கத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறவனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தது எப்படித் தெரியும்? பேய் மேல் போட்ட பழி பாட்டிலுக்கு உரியது. சளியே இல்லாத குழந்தைக்குச் சளி மருந்து கொடுக்கச் சொன்னது யார்? மீதியைக் கொட்டிவிடுங்கள். நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் படுக்கை நனைந்தால் நேரில் கூட்டி வாருங்கள், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடலாம்.

அலறல்: படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடீரென எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடி கத்துகிறான், உங்களையே அடையாளம் தெரியவில்லை, காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. இது கெட்ட கனவுகூட இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதால் வருவது. இந்த வயதில் சகஜம், தூக்கம் கெட்டால் அதிகமாகும், வயது ஏற ஏறத் தானே போய்விடும். உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். வலிப்போ என்று பயந்திருக்கிறீர்கள். கை கால் வெட்டி இழுக்கவில்லை, வாய் கோணவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தப் பயம் வேண்டாம். பாட்டி தாயத்து கட்டியதில் எனக்கு ஆட்சேபமில்லை. கயிறு மட்டும் கழுத்தில் வேண்டாம், தூக்கத்தில் இறுக்கிவிடும். இடுப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் நீங்கள் கேட்டது. கேட்க நினைத்தது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஏழு வயதில், தெருவே சேர்ந்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டிய ஒரு ராத்திரியில், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து நீங்கள் ஒரு படம் பார்த்தீர்கள். இன்று முப்பத்தேழு வயது. வங்கியில் வேலை. இன்னமும் முகத்துக்குச் சோப்புப் போடும்போது இரண்டு கண்ணையும் மூடுவதில்லை, குளியலறைக் கதவை முழுசாகச் சாத்துவதில்லை. "என்னைப் போல இவனும் ஆயுசுக்கும் இப்படியே ஆகிவிடுவானா? மூளையில் பதிந்துவிட்டால் அழியாது என்று நெட்டில் போட்டிருக்கிறான்."

நெட்டில் போட்டிருக்கிறவன் உங்கள் பையனைப் பார்த்ததில்லை. பிரிட்டனில் 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்ற பேய் நாடகத்தை நேரலை போலவே ஒளிபரப்பியது. தினமும் டிவியில் பார்க்கிற அறிவிப்பாளர்களே அதில் வந்ததால் நிஜம் என்று நம்பியவர்கள் ஏராளம். அதைப் பார்த்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பத்து வயதுப் பையன்கள் இருவரைப் பற்றி 1994-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டு பேரைப் பற்றி எழுதும் அளவுக்கு அது அபூர்வம். சாதாரணமாக நடப்பது வேறு. 1999-ல் ஜோன் கேன்டர், கிறிஸ்டன் ஹாரிசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி நடுங்க வைத்த ஒரு படமோ நிகழ்ச்சியோ இருந்தது. சுமார் நான்கில் ஒருவருக்கு அந்தக் கலக்கம் வளர்ந்த பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சோப்புப் போடுகிறவர்கள் உங்கள் வங்கியிலேயே இன்னும் நாலு பேர் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

சின்னக் குழந்தைக்குக் கதை பயம் தருவதில்லை, முகம்தான் தருகிறது. மேக்கப் என்று சொன்னால் தலையாட்டுவான், ராத்திரியில் அந்த அறிவு உதவிக்கு வராது. காமெடிப் பேய்ப் படம்தானே என்று மடியில் உட்கார வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் சிரிக்கும் இடத்தில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். யு/ஏ சான்றிதழை இப்போது 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். லீவுக்கு வந்த அத்தை மகனின் செல்போனுக்கு அதெல்லாம் தெரியுமா?

பயத்தை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் ஒதுங்கிப் போகிற பழக்கம்தான். கதவைச் சாத்தாமல் குளித்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும், சாத்தாததால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. பையனை அந்தக் கணக்கை ஆரம்பிக்க விடாதீர்கள். பாத்ரூமுக்குத் தனியாகப் போகப் பயந்தால் இந்த வாரம் வாசல்வரை கூடப் போங்கள், அடுத்த வாரம் கூடத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள், அதற்கடுத்த வாரம் படுக்கையிலிருந்தே குரல் கொடுங்கள். "பயம் தெளியட்டும்" என்று அதே படத்தை மறுபடி போட்டுக் காட்டும் மாமாக்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். பகலில் அந்த முகத்தை வரையச் சொல்லுங்கள், மீசையோ கூலிங்கிளாஸோ அவனே மாட்டிவிடட்டும். உங்கள் பக்கத்தில் படுக்கிறானே என்று ஏன் கவலை? நம் வீடுகளில் எட்டு வயதுப் பையன் வேறு எங்கே படுப்பான்?

உங்களுக்கும் அதே வைத்தியம்தான். நாளைக்குச் சோப்புப் போடும்போது இரண்டு கண்ணையும் மூடி ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு வாரம் கழித்துப் பத்து. தூக்க மாத்திரை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், எழுத மாட்டேன். கதவைச் சாத்திப் பார்த்தும் நெஞ்சு படபடத்து வேலைக்கே போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. நான்கு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட நீங்கள் பார்த்த படத்தின் பெயர் இல்லை. எல்லா இடத்திலும் "அந்தப் படம்". பையன் எப்படி இருக்கிறான் என்று அடுத்த கடிதம் போடும்போது பெயரையும் எழுதி அனுப்புங்கள்.