இரவில் எத்தனை செவிலியர்?

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் தங்கினோம். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வார்டில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு சிஸ்டர் வந்து பிரஷர் பார்ப்பார், இன்னொருவர் மாத்திரை கொடுப்பார், ஊசி போட வேறொருவர். இரவெல்லாம் தூக்கமில்லை என்று அப்பா சொன்னபோது, டாக்டர் வந்தால் சொல்லுங்கள் என்றபடியே அந்தச் சிஸ்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மரியாதைக்குப் பேர்போன நம் பக்கத்திலேயே இப்படியா? அவர் பெயரைப் போட்டு நிர்வாகத்துக்குப் புகார் எழுதப்போகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா தேறிவருகிறார் என்று நம்புகிறேன். புகாரை எழுதுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு மாத்திரை என்று வேலையைக் கூறுபோட்டது அந்தப் பெண்கள் அல்ல. இது புதிதும் அல்ல. 1950களின் கடைசியில் லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் இதையே கண்டார். எந்த நோயாளியிடமும் ஒட்டாதபடி வேலை பிரிக்கப்பட்டிருந்தது. வலியையும் சாவையும் பக்கத்திலிருந்து பார்க்கும் பதற்றத்தைத் தள்ளிவைக்க மருத்துவமனை கண்ட வழி அது என்றார். வழி பலிக்கவில்லை. பயிற்சிக்கு வந்த செவிலியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாதியிலேயே போய்விட்டார்கள்.

ஈரோட்டில் உறவினருக்குத் துணையாக இருந்த ஓர் இரவில் நான் பார்த்தது இது. ஒரு சிஸ்டர் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுகிறார், கண் எதிர்ப் படுக்கையின் ட்ரிப்ஸ் பாட்டிலில் இருக்கிறது. மூலையிலிருந்து "அம்மிணி" என்று ஒரு குரல். எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விடியும் நேரத்தில் கேஸ் ஷீட்டுகளை அடுக்கிவைத்து நின்றபடியே எழுதினார். கட்டம் ஏதாவது விடுபட்டால் காலையில் அவரைத்தான் கேட்பார்கள். பெரியவர் தூங்கினாரா என்று எழுத அதில் கட்டமே இல்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழு 2002இல் வெளியிட்ட கணக்கு பிரபலமானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. செவிலியர் மனம் சலித்து ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தது அந்தச் சலிப்பாகவும் இருக்கலாம்.

சம்பளத்தையும் சொல்லவேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். அரசுத் தரப்பும் யோக்கியம் இல்லை. 2015இல் தேர்வு வாரியம் வழியாகத் தமிழ்நாடு அரசு வேலைக்கு எடுத்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் சொல்லும் மரியாதை அந்த மருத்துவமனையில் இல்லாமல் இல்லை. வரவேற்பு மேசையில் "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல ஆள் போட்டிருப்பார்கள், பில் கட்டும் இடத்திலும் போட்டிருப்பார்கள். இரவு வார்டுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. புகார் அதிகமானால் செவிலியரை உட்காரவைத்துச் சிரிக்கக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று நடக்கும். பெரும்பாலும் இரவுப் பணி முடிந்து தூங்கப் போகிறவர்களை நிறுத்திவைத்து.

சுபாவத்திலேயே கடுகடுப்பானவர்கள் எந்த வேலையிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெயரைப் போட்டால் நிர்வாகம் மகிழ்ச்சியோடு அவருக்கு ஒரு மெமோ கொடுத்துக் கோப்பை மூடிவிடும். அதற்குப் பதில், அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்று எழுத்தில் கேளுங்கள். தேதியையும் வார்டையும் குறிப்பிட்டால் போதும். "பணியாளருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்று பதில் வந்தால், அதே கேள்வியை மறுபடியும் எழுதுங்கள்.