கடற்கரை ஊர்ப் படிப்பகத்துக்கு என்ன கணினிப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் கணினி, தொழில்நுட்பம், இணையம் பற்றிப் புத்தகங்கள் வாங்க இருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள், மீனவர்கள், வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். எவற்றை வாங்கலாம்?

பதில்:

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், நாலு நண்பர்களோடு சேர்ந்து ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல காரியம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் கொடுத்தாலும் பழைய கணினிப் புத்தகங்களை நன்கொடையாக வாங்காதீர்கள்.

எனக்குப் பாம்பன் பக்கம். படகுகளுக்கு ஜிபிஎஸ், வயர்லெஸ், கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் தொழில். சாயங்காலம் எங்கள் தெருப் படிப்பகத்தைத் திறந்து பூட்டுகிற பொறுப்பும் என்னுடையது. கொஞ்ச காலத்துக்கு முன் நகரத்திலிருந்து ஒரு சங்கத்தார் வேனில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுவந்து இறக்கினார்கள். பேனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். பெட்டியைப் பிரித்தால் விண்டோஸ் 98 கற்றுக்கொள்ளுங்கள், ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்வது எப்படி, டயல் அப் மோடம் இணைப்பது எப்படி, பக்கத்துக்குப் பக்கம் யாரோ அடிக்கோடிட்ட செமஸ்டர் கைடுகள். சிலவற்றின் பின்னட்டையில் சிடி ஒட்டியிருந்தது. அதைப் போட்டுப் பார்க்க எங்கள் தெருவில் ஒரு டிரைவ்கூட இல்லை. மீனவக் கிராமம்தானே, இது போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் ஆட்களுக்குத் தொழில்நுட்பம் புதிது இல்லை. முன்பெல்லாம் ராமேசுவரம் கோபுரத்தையும், பாம்பன் லைட் ஹவுஸையும், 323 மீட்டர் உயர டிவி டவரின் விளக்கையும் வைத்துக் கரையைக் கணித்தவர்கள். ஸ்மார்ட்போன் ஊருக்குள் வருவதற்கு முன்பே ஜிபிஎஸ் கையில் எடுத்தவர்கள். பள்ளிக்கூடம் முடிக்காத படகு டிரைவர்கள் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடத்தையெல்லாம் எண்ணாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'மவுஸை எப்படிப் பிடிப்பது' என்று புத்தகம் கொடுத்தால் யார் தொடுவார்கள்?

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், வலை பழுது பார்க்கிற கொட்டகையில் வைத்து, வயதான டிரைவர் மாமா ஒருவர் ஜிபிஎஸ்ஸைக் காட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த டப்பாவுக்கு நாம எங்க நிக்கிறோம்னு யாரு சொல்றா? நம்மகிட்ட இருந்து ஏதும் மேல போகுதா? போச்சுன்னா அந்தப் பக்கத்து இலங்கை நேவிக்காரனுக்கும் தெரிஞ்சிருமே?"

எவ்வளவு சரியான கேள்வி, பாருங்கள். அந்தப் பெட்டிகளில் இருந்த ஒரு புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிற என் சின்னம்மா மகளும் நானும் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் சில தாள்கள் எழுதினோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் இருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். டப்பா கேட்க மட்டும் செய்யும், எதையும் அனுப்பாது. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கடிகாரம் பிசகினால் 300 மீட்டர் தப்பும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத்தான் விட்டுக்கொண்டிருந்தது. இப்போது படகில் மாட்டுகிற டிரான்ஸ்பாண்டர் வேறு சாமான், அது நம் இடத்தை அனுப்பும். இவ்வளவுதான் அந்தத் தாள்களில் இருந்தது.

அதோடு இன்னொரு தாளும் சேர்த்தோம், அதுதான் அதிகம் கைமாறியது. படகு ஜிபிஎஸ்ஸில் அட்சரேகை 09 17.500 என்று இருந்தால் 9 டிகிரி, 17.5 நிமிடம் என்று அர்த்தம். போனில் உள்ள மேப் அதையே 9.2917 என்று காட்டும், ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். படகு எண்ணைப் பார்த்துப் போனில் 9.175 என்று போட்டால் 7 கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர் தெற்கே தள்ளிக் காட்டும். ராமேசுவரம் கோயில் பக்கத்தில் நிற்க வேண்டிய புள்ளி, தனுஷ்கோடி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். இலங்கை எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கடலில் 13 கிலோமீட்டர் என்பது ஒரு மனிதன் வீட்டுக்கு வருவதா, ஜெயிலுக்குப் போவதா என்கிற விஷயம். அந்த மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து, 17.5-ஐ 60-ஆல் வகுத்துத் தானே போட்டுப் பார்த்தார். விடை சரியாக வந்ததும் பக்கத்தில் இருந்தவர் கையில் தாளைக் கொடுத்து, "நீ போடு" என்றார்.

இதைப் படித்துவிட்டு 'யூடியூபில் இல்லாததா' என்று சிலர் வருவார்கள். நான் வீடியோவுக்கு எதிரி இல்லை, என் தொழிலில் பாதி அதைப் பார்த்துக் கற்றதுதான். ஆனால் கரையை விட்டு வெளியே போனால் சிக்னல் இல்லை. தனுஷ்கோடி முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்கிறது. நாலு பேர் கூடி ஒரு வரியில் விரலை வைத்துச் சண்டை போட, தாளில் இருந்தால்தான் முடியும்.

சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. நீங்கள் 'கணினிப் புத்தகம்' என்று தலைப்பை வைத்துத் தேடுகிறீர்கள். ஆளை வைத்துத் தேடுங்கள். கருவாடு விற்கிற அக்காவுக்கு வேண்டியது, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்பும்போது மட்டும்தான் போட வேண்டும் என்கிற விஷயம். 'பணம் வரணும்னா பின் போடுங்க' என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். போலீஸ் என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் சொல்கிற 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்கிற மெல்லிய புத்தகம் கிடைத்தால் பத்துப் பிரதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே எழுதி அச்சடியுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்கிற புத்தகம் வேண்டாம். அடுத்த பதிப்பு மென்பொருள் வந்ததும் அது குப்பை. எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிற புத்தகம் நிற்கும். சி என்கிற நிரல்மொழிக்குக் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகம் 1978-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1988-இல். இன்னும் படிக்கிறார்கள். முந்நூறு பக்கம்கூட வராது. ஆங்கிலம்தான், ஆனால் சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும். தமிழில் வேண்டும் என்றால் கணியம் என்கிற இணைய இதழ் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை இருக்கிறது. மைஎஸ்கியூஎல், எச்டிஎம்எல், லினக்ஸ் எல்லாம் உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், நிபந்தனையை மட்டும் முன்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 'தமிழில் டெக்னாலஜி எழுத முடியாது' என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. வாக்குப்பதிவு இயந்திர வடிவமைப்பில் இருந்த சுஜாதாவே எல்லாருக்கும் புரிகிற தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதிக் காட்டிவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேலே சொன்ன சின்னம்மா மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். படிவத்தில் தகப்பன் தொழில் 'கடல் தொழில்' என்று பார்த்ததும் அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நிரந்தர வருமானம் இல்லையே, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படிப்பு" என்றார். எல்லா வங்கியும் அப்படி என்று சொல்லவில்லை, அப்புறம் வேறு இடத்தில் கடன் கிடைத்தது. ஆனால் அவள் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அவள் எழுதிய தாளை வைத்துத்தான் இன்றைக்கு எங்கள் ஊர் டிரைவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அச்செடுத்துக் கட்டுவதாக இருந்தால் கம்பி ஸ்பைரல் வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளெல்லாம் பழுப்பாகிவிடும். பிளாஸ்டிக் ஸ்பைரல் போடுங்கள். அலமாரியைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், கரையான். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ராத்திரி கடலுக்குப் போகிறவர்களின் கண் சீக்கிரம் களைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். புத்தகங்கள் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட வேண்டும். எங்கள் ஜிபிஎஸ் தாள்கள் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.