தக்சாங்குக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நிலம் உண்டு, சம்பா போடுகிறோம். பூட்டானில் தக்சாங் மடத்துக்கு நீங்கள் போய் வந்ததைப் படித்ததிலிருந்து அந்தக் குகை மனதை விட்டுப் போகவில்லை. தனியாகப் போய், யாரோடும் பேசாமல் சில நாள் அங்கே உட்கார்ந்துவிட்டு வர ஆசை. வீட்டில் அவளும் வருகிறேன் என்கிறாள். அவளைக் கூட்டிப் போனால் அது டூர் ஆகிவிடும், யாத்திரை ஆகாது என்று எனக்குப் படுகிறது. நம்ம டெல்டாவில் மலையும் இல்லை, குகையும் இல்லை, சேறும் வாய்க்காலும்தான். தவத்துக்கான மண் இது இல்லையோ என்றுகூடத் தோன்றும். வயது 63, முட்டிவலி உண்டு. போகலாமா?

அண்ணனுக்கு வணக்கம்.

தாராளமாகப் போகலாம். முட்டிக்கு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் சில நாள் அங்கே உட்காரப் போகிறேன் என்கிறீர்களே, அது நடக்காது.

தக்சாங், பாரோ பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 3120 மீட்டர். எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் என்ற பௌத்த குரு பெண்புலி மேல் ஏறிப் பறந்து வந்து அங்கே தவம் இருந்தார் என்பது ஐதிகம்; மூன்று மாதம் என்பார்கள், மூன்று வருடம் மூன்று மாதம் மூன்று நாள் என்றும் சொல்வார்கள். குகையைச் சுற்றிக் கோயில் எழும்பியது வெகு காலம் கழித்து, 1692-இல், பூட்டானை ஆண்ட டென்சின் ரப்கே என்பவர் காலத்தில். மூலக்குகைக் கதவை ஆண்டுக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். மற்ற நாளில் மூடிய கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, பின்னால் நிற்பவருக்கு இடம்விட்டு நகர வேண்டியதுதான். செல்போன், பை எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், அது ஒரு நிம்மதி. வருடக்கணக்கில் தனித்திருந்து தியானம் செய்கிற பிக்குகள் அந்த நாட்டில் உண்டு. அதெல்லாம் குருவிடம் இருந்து, படிப்படியாகப் பழகிச் செய்வது. நம்மைப் போல ரயிலேறி வருகிறவர்களுக்கு அங்கே படுக்கை கிடையாது.

அப்புறம் தனிமை. நான் ஏறிய அன்று பாதை முழுக்கக் குடும்பங்கள்தான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்ட பெண்கள், ஜபமாலையை உருட்டியபடி பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிற பாட்டிகள், சாப்பாட்டுத் தூக்கோடு பையன்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிற கூட்டத்தைச் சாலையோரம் நின்று பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதேதான், வெயிலுக்குப் பதில் குளிர். அவர்களுக்கு அது யாத்திரை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

தவத்துக்கான மண் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் கொஞ்சம் கோபமே வந்தது. உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் நாகப்பட்டினம். அங்கே ராஜராஜ சோழன் காலத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது. கட்டியவர்கள் கடல் கடந்து சுமத்திரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜயத்துச் சைலேந்திர மன்னர்கள், அப்பா தொடங்கி மகன் முடித்தது. சைவனான ராஜராஜன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்கிறோமே, அவை இந்தக் கொடையின் ஆவணம்தான். பழைய அளவில் நிலம் 97 வேலிக்கு மேல், வருடத்துக்கு வர வேண்டிய நெல் 8943 கலம் சொச்சம். சங்கத்தில் கணக்கு எழுதியவருக்கு இது எவ்வளவு நெல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நெல் இல்லாமல் விகாரத்தில் ஒரு பிக்குவும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க முடியாது. உழுதவர், நாற்றுப் பறித்தவர், நட்டவர், தூற்றியவர் இருந்தார்கள். எல்லை காட்ட பெண்யானையை நடக்கவிட்டதைக்கூட செப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், நட்ட பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 1856 தொடங்கி நாகையில் தோண்டத் தோண்ட சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. நாம் அதில் புத்தர் முகத்து அமைதியைப் பார்த்து உருகுகிறோம். அந்த அமைதிக்கு அரிசி போட்டது ஆனைமங்கலத்துச் சேறு.

தக்சாங்கிலும் இதுதான் கதை. பாதி மலை ஏறித் திரும்பிப் பாருங்கள், கீழே தெரிவது வயல். பாரோ சிவப்பரிசிக்குப் பேர்போன இடம். ஜூனில் நட்டு அக்டோபரில் அறுப்பார்கள். 1998 ஏப்ரல் 19-இல் மடம் தீப்பிடித்து எரிந்தது, பழைய அமைப்பு மாறாமல் 2005-இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். வண்டி ஏறாத பாறை அது. மரமும் தகடும் கீழிருந்து மேலே போய்ச் சேர எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! குகையில் ஒருவர் சும்மா இருக்க, ஊர் முழுக்க வேலை செய்திருக்கிறது. உட்கார்ந்தவரை மட்டும் கும்பிட்டுவிட்டு உட்கார வைத்தவர்களை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் சங்கத்தில் இருந்த வருடங்களில் நடவுக்கு ஆள் கூப்பிட்டது யார், களத்தில் நின்று நெல் அளந்தது யார்? எனக்குத் தெரியாது, ஊகிக்க முடிகிறது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேசாமல் உட்கார வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான், அதைக் குறை சொல்லவில்லை. அதற்குப் புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் போதும். அங்கே சமணத் துறவிகள் இருந்த ஏழடிப்பட்டத்துக் குகையில் வழுவழுவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள். வாரநாளில் காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது, பாறை சுடுவதற்குள் இறங்கிவிடலாம். அங்கேயும் பாருங்கள், வேற்றூரில் பிறந்த ஒரு துறவிக்கு இன்ன ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்றுதான் தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு சொல்கிறது.

சரி, முட்டி. தக்சாங்கில் பாதி வழியில் இருக்கிற சிற்றுண்டிச்சாலை வரை குதிரை கிடைக்கும். அதற்கு மேல் கால்தான். கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவிப் பாலத்தைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போது குதிரை கிடையாது, முட்டியைப் பதம் பார்ப்பது அந்த இறக்கம்தான், கைத்தடி இல்லாமல் போகாதீர்கள். போன மறுநாளே ஏறாமல் திம்புவிலோ பாரோவிலோ ஓரிரு நாள் இருந்து உடம்பைக் குளிருக்கும் உயரத்துக்கும் பழக்குங்கள். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். சம்பா அறுத்து, நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்த பிறகு பங்குனியில் கிளம்பினால் சரியாக இருக்கும். ரயிலில் மேற்கு வங்கத்து ஹாசிமாரா, அங்கிருந்து ஜெய்காவ் வழியாக பூட்டான் எல்லை ஊரான புன்ட்ஷோலிங். இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு, ரூம் செலவு தனி. ஆதார் அங்கே செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். அண்ணியின் வாக்காளர் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பெயரிலோ இனிஷியலிலோ பிழை இருந்தால் உடனே திருத்த எழுதிக் கொடுங்கள். மலை ஏறுவதைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.